கொண்டலான் மேட்டுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்

நெடுங்கழியின் இக்கரையில் மூவரை என்றொரு ஊர் இருந்தது; இருந்தது என்று சொல்லும்போதே இப்போதும் இருக்கிறதே என்று இடைமறிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் இதைச் சொல்வது. அந்த ஊருக்குத் தெய்வங்கள் மூன்று. உப்பளத்தாருக்கும் மீன்காரருக்கும் உவரன். தோப்புக்காரருக்கும் தறிக்காரருக்கும் நிழலாத்தாள். மழைத்தெய்வமான கொண்டலான், குன்றின் மேல் கோயில் கொண்டு, மேலத்தெருப் பெரிய வீட்டாருக்கும், அவர்களுடைய கோயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் சுமந்த கீழத்தெருக்காரருக்கும் பொதுவாக இருந்தார். செத்தவர்கள் கழியின் மறுகரையில், தாம் கும்பிட்ட தெய்வத்தின் நிலத்தில், முன்பிருந்த உருவத்தோடே வாழ்கிறார்கள் என்பதில் மூன்று சாராருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. உவரனின் வெள்ளைவெளியில் எதுவும் அழுகுவதில்லை, பழைய பகை தவிர. நிழலாத்தாளின் தோப்பில் வெயில் தரையைத் தொடுவதில்லை. கொண்டலானின் மேட்டில் சுமை இல்லை. 'அங்கே தூறலே குளிப்பாட்டும், தூறலே தாகம் தீர்க்கும், அங்கே தலைமேல் வானம் மட்டும்' என்று கோயில் பாட்டுக்காரர் சாவு வீட்டில் இழுத்துப் பாடுவார். கீழத்தெருப் பெண்கள் அந்த இடத்தில்தான் நிறைய அழுவார்கள், ஏனென்றால் அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு படிகளை நாளுக்கு மூன்று வேளை, மழைத்தெய்வம் குளிப்பதற்காக, பித்தளைக் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மறுகரையை யாரும் பார்த்ததில்லை. கழியின் நடுவே வெண்மையான மூடாப்பு ஒன்று, சுவர் போல, எல்லாப் பருவத்திலும் நின்றது. அதைத் திரை என்றார்கள். காற்று திசை மாறும் மாதத்தில் ஒரு நாள், சூரியன் உச்சிக்கு வந்தபோது அந்தத் திரை மேலே எழுந்தது. கடை திறக்கிறவர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவது போல அது எழுந்தது என்று மீன்காரர்கள் சொல்வார்கள், சேலை காற்றில் விலகுவது போல என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அரிசி உலை கொதித்து இறக்கும் நேரம் வரை அது மேலேயே இருந்து, பிறகு இறங்கியது. மறுநாளும் உச்சியில் எழுந்தது. அதற்கு மறுநாளும்.

முதல் நாள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மூன்றாம் நாள் குடை கொண்டுவந்தார்கள். ஐந்தாம் நாள், யார் எங்கே நின்றால் யாருடைய செத்தவர்கள் நன்றாகத் தெரிவார்கள் என்பது முடிவாகியிருந்தது. சோடாக்காரர் தமது தள்ளுவண்டியைக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிறவர் மூங்கில் குழாயில் இரண்டு வில்லைகளைப் பொருத்தி, பார்க்க வரிசை நிற்க வைத்தார். கரை பார்த்தல் என்பது ஒரு சொல்லாகிவிட்டது. பள்ளிக்கூடம் சாப்பாட்டு மணியை முன்னே தள்ளியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கரைக்குப் போய், பெண்ணின் பாட்டன் மறுகரையில் யாரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்கள். தோப்பில் தன் புருஷன் இன்னொருத்தியோடு சோழி ஆடுவதைப் பார்த்த நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, இத்தனை வருஷம் கட்டிய வெள்ளைச் சேலையை அன்றே அவிழ்த்துத் தறிக்குத் துடைப்புத்துணி ஆக்கினாள். செத்தவர்களுக்கு இக்கரைக் குரல் எட்டவில்லை. அவர்கள் இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. எப்போதாவது ஒருவர் கையசைத்தால், பேருந்தில் போகிறவர் தெரியாத ஊருக்குக் கையசைப்பது போலத்தான் இருந்தது.

மேலத்தெருக்காரர்கள் தங்களுக்கென்று கரையில் பந்தல் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கொண்டலானின் மேடு நேரே தெரிந்தது: மேலே தூண் வைத்த மண்டபம், அதில் சாய்ந்து அமர்ந்திருக்கும் தங்கள் அப்பன் பாட்டன்மார், கீழே கழிநீரிலிருந்து மண்டபத்துக்கு ஏறும் நெடிய படிக்கட்டு. அந்தப் படிகளில் வரிசையாக, தலையில் குடத்தோடு, கீழத்தெருவின் செத்தவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

இதை ஊர் முழுவதும் பார்த்தது. ஒன்பது நாள் பார்த்தது. கீழத்தெருக்காரர் ஒருவரிடமும் ஒருவரும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்ததாகவும் சொல்ல முடியாது, ஏனென்றால் மறைப்பதற்கு அது தங்கள் கண்ணில் உறுத்தியிருக்க வேண்டும். அது உறுத்தவே இல்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னால் இன்றுவரை விழுங்க முடியாத இடம். திரை எழும் உச்சிப்பொழுதில்தான் உச்சிக்காலக் குளிப்பு. கீழத்தெரு ஆணும் பெண்ணும் அந்நேரம் கோயில் படியில் இருப்பார்கள், கழிக்கு முதுகு காட்டி. தலையில் நிறைகுடம் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்தாம் நாள் காலையில், உவரனைக் கும்பிடுகிற மீன்காரி சங்காள், கூடையைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்து, சுனையாள் வீட்டு வாசலில் இறக்கினாள். சுனையாளுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் இல்லை. தும்பை என்று ஒரே மகள். ஒன்பது மாதத்துக்கு முன், திருவிழாக் குளிப்பு அன்று, முந்நூற்று முப்பதாவது படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள். பத்தொன்பது வயது. அவள் விழுந்ததும் மேலேயிருந்து முதலில் வந்த கேள்வி, குடம் நசுங்கிவிட்டதா என்பது. இரண்டாவது, படியில் ரத்தம் பட்டதா என்பது.

"என்னக்கா, ஊரே கரை பாக்குது, ஒன்னய மட்டும் காணலையே?" என்றாள் சங்காள்.

"உச்சிக் கொடத்த யாரு தூக்குவா? ஒங்க சாமி வந்து தூக்குவாரா?"

"எங்க சாமி தண்ணிப் பக்கமே வரமாட்டாரு. உப்புல்ல? குளிச்சாருன்னா மறுநாள் கும்பிட அவரே இருக்க மாட்டாரு."

சுனையாள் சிரித்தாள். சங்காள் சிரிக்கவில்லை. கூடைக்குள் கையைவிட்டு மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாளு காலு சுளுக்குன்னு சொல்லிட்டு வாக்கா."

"எதுக்கு?"

"நான் சொல்ல மாட்டேன். ஒம்பது நாளாச் சொல்லணும் சொல்லணும்னு வந்து, மீன மட்டும் வித்துட்டுப் போயிட்டேன். நீயே வந்து பாரு. பாத்துட்டு என்னய ஏசு."

மறுநாள் சுனையாள் போனாள். சங்காள் தன் முந்தானையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை எழுந்தது. மூங்கில் குழாய் தேவைப்படவில்லை. கால் வைக்கும் விதத்தைக் கொண்டே தாய்க்குத் தெரிந்துவிட்டது. வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து வைக்கும் அந்த நடையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், அப்படி ஏறினால் இடுப்பு நோகாது என்று. தும்பை குடத்தோடு ஏறினாள், மண்டபத்தில் ஊற்றினாள், வெறுங்குடத்தோடு இறங்கினாள், மொண்டாள், ஏறினாள். அவள் தலையில், குடத்துக்கும் முடிக்கும் நடுவே, நீலக்கரை போட்ட சும்மாடு இருந்தது.

அந்தச் சும்மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொண்டலானைக் கும்பிடுகிறவர்களைக் கழிக்கரை மணலில் புதைக்கும்போது, தெய்வம் தன் ஆளை அறிந்துகொள்வதற்காகத் தலைக்குக் கீழே ஓர் அடையாளம் வைப்பது வழக்கம். மேலத்தெருவில் பட்டுத்துண்டு வைப்பார்கள், சிலர் விசிறி வைப்பார்கள். கீழத்தெருவுக்குக் கோயிலே அனுப்பும்: சுமக்கிறவர் தலையில் வைத்துக்கொள்ளும் துணிச்சுருணைதான், ஆனால் புதுத்துணி, நீலக்கரை, மேளத்தோடு தட்டில் வைத்து வரும். உயிரோடிருந்தபோது கோயிலிலிருந்து ஒரு வாழைப்பழம் கைக்கு வராத வீட்டுக்குத் தட்டில் வைத்து வரும். அதனால் கீழத்தெருவில் அதைப் பெருமை என்றே நினைத்தார்கள். பெண்கள் இன்னும் ஒன்று நினைத்தார்கள்: இத்தனை காலம் குடத்தைத் தாங்கிய தலை, இனி இது தலையணையாக இருக்கட்டும், மணல் உறுத்தாமல் இருக்கட்டும். தும்பைக்கு வைத்தபோது சுனையாள் அந்தச் சுருணையைப் பிரித்து, இன்னொரு சுற்றுச் சுற்றி, மெத்தென்று ஆக்கி வைத்தாள்.

மேலத்தெருவில் சொல்லப்படும் கதைகளில் இந்தத் தட்டும் மேளமும் வருவதில்லை. 'அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்' என்பதோடு நின்றுவிடும். கீழத்தெருவிலோ தட்டு எந்த மரத்தில் செய்தது என்பதுவரை சொல்கிறார்கள்.

சுனையாள் நேராகப் பந்தலுக்குப் போனாள். கோயில் பெரியதனக்காரர் முகிலடியார் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அங்க எம்மக தண்ணி சொமக்குறா."

"பார்த்தேன்" என்றார் முகிலடியார். "நன்றாக இருக்கிறாள். முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது."

"எத்தன நாளாப் பாக்குறீக?"

"முதல் நாளிலிருந்து."

"அங்க சொம இல்லன்னுதானய்யா பாட்டு?"

"பாட்டில் பொய் கிடையாது. மேட்டில் சுமை இல்லை என்றுதான் பாட்டு. எங்கள் அப்பா மேட்டில் இருக்கிறார், அவர் தலையில் ஏதாவது இருக்கிறதா, நீயே பார். உன் மகள் நிற்பது படி. படியைப் பற்றிப் பாட்டில் ஒன்றும் சொல்லவில்லையே?" அவர் இளநீரைக் கீழே வைத்தார். "சுமந்து பழகியவர்களை உட்கார வைத்தால் அவர்களுக்குத்தான் கை கால் ஓடாது. தெய்வத்துக்குத் தெரியாதா?"

"பழகுறதுக்கு முந்தியே செத்துப்போனாய்யா. பத்தொம்பது வயசு."

"தெய்வம் அடையாளத்தைப் பார்த்து இடம் கொடுக்கிறது. கோயில் சும்மாட்டை அனுப்பியது, சரி. அதை எடுத்து அவள் தலைக்குக் கீழே வைத்த கை யாருடையது?"

சுனையாள் தன் கைகளைப் பார்த்தாள். பந்தலில் இருந்தவர்கள் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள், "அப்ப எடுத்துருவேன்" என்றாள்.

"குழி திறந்தவள் மறுகரை சேரமாட்டாள், சாவு வீடுதோறும் வாசிக்கிற ஏடுதான், நீயும் கேட்டிருப்பாய். திறந்த குழியில் நிற்கிறவளைத் தொடுகிற கையும் குழி திறந்த கை. எடுத்துவிட்டால் உன் மகளை நீ எந்தக் காலத்திலும் சேரமாட்டாய். வீட்டுக்குப் போ. மாலைக் குளிப்புக்கு ஆள் குறைகிறது."

அன்று மாலை கீழத்தெருவில் ஒருவரும் குடம் தூக்கவில்லை. குழாயடி மேடையில் கூடி, ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். என் அம்மாவும் அங்கே இருப்பாளா என்றார்கள். என் தம்பிக்கு ஒரு கை விளங்காதே, அவன் எப்படிக் குடம் பிடிக்கிறான் என்றார்கள். சும்மாடு இல்லாமல் போனால் தெய்வம் ஏற்குமா, ஏற்காவிட்டால் செத்தவர் எங்கே போவார் என்ற கேள்வி வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது.

"அதுக்கு ஒருத்தன் போயிப் பாத்துட்டு வரணும்" என்றார் ஓடையாண்டி. அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். சுனையாளுக்கு முறைக்கு மாமன். நெஞ்சுச்சளி முற்றி, வைத்தியர் கைவிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. "நான்தான் போறேனே. போயிட்டு வர்றதுதான் முடியாது, அங்கயிருந்தே காட்டுறேன்."

"வாயக் கழுவுங்க மாமா" என்றாள் சுனையாள்.

"ஏம் மருமவளே, ஒரு வாரமா இன்னக்கி போவேன் நாளைக்கிப் போவேன்னு எல்லாரையும் காக்க வைக்கிறேன். ஒரு சோலியாப் போறேன்னா எனக்கும் மரியாததான? மேளத்தோட வர்ற சும்மாட்ட வாங்கிக்கங்க. வச்ச மாதிரி வைங்க. சங்குத்தண்ணி தெளிச்சுட்டுப் பூசாரி திரும்புன ஒடனே உருவிப்புடுங்க. தலைக்கு ஒண்ணும் வேணாம். எம் மண்ட கல்லுதான், மணல் தாங்கும்."

சந்தேகம் வராமல் இருக்க, மறுநாளிலிருந்து கீழத்தெரு பழையபடி குடம் தூக்கியது. மூன்றாம் நாள் அவர் செத்தார். அவர் சொன்னபடியே, குழி மூடுவதற்கு முன், பூசாரி முதுகு திரும்பியதும் அவருடைய மகள் சும்மாட்டை உருவி மடியில் செருகிக்கொண்டாள். அதற்கு மறுநாள் உச்சியில் கீழத்தெரு முழுவதும் கரைக்கு வந்தது. கோயில் வரலாற்றில் அன்றுதான் முதன்முதலாக உச்சிக்காலக் குளிப்பு நடக்கவில்லை. மழைத்தெய்வம் பூவோடும் காய்ந்த சந்தனத்தோடும் இருந்தார். திரை எழுந்தது. மறுகரையில், படிக்கட்டின் அடியில், நீரோரத்தில் ஓடையாண்டி நின்றார். மேட்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து அவர் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்தார்கள். தடவியும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மேலே போய்விட்டார்கள். ஓடையாண்டி மணலில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் நீட்டினார். உடம்பை முறித்து ஒரு பெரிய கொட்டாவி விட்டார். அது இக்கரைக்குத் தெரிந்தது, கீழத்தெரு ஆரவாரம் செய்தது. அவருக்குப் பின்னால், படியில், தும்பை குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

இனிச் சாகிறவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. போனவர்களுக்கு?

மறுநாள் காலை சுனையாள் மண்வெட்டியோடு கழிக்கரைக்குப் போனாள். கீழத்தெருப் பெண்கள் தத்தம் மண்வெட்டிகளோடு பின்னால் வந்தார்கள். அவள் திரும்பி நின்று, "ஒரு ஆளு போதும்" என்றாள். "ஆளாளுக்குத் தோண்டுனா ஆளாளுக்கு மறுகர இல்லாமப் போகும். அங்க உக்காந்திருக்கிறவங்களப் போயிச் சேர ஆள் வேணாமா? எனக்குத்தான் பெரியதனக்காரரு ஏற்கனவே சொல்லிட்டாரே, சேரமாட்டேன்னு. நானே எல்லாத்தையும் தோண்டுறேன். குடை மட்டும் பிடிங்க."

"கையில காப்பு காச்சுருமேக்கா" என்றாள் ஒருத்தி.

"ஆமாடி, இதுவரைக்கும் பூப்போல வச்சிருந்தேன்."

முதலில் தும்பையின் குழி. உச்சிவேளை நெருங்கும்போது பலகை தட்டுப்பட்டது. முகிலடியார் நான்கு தடியாட்களோடு வந்தார். "வெளியே இழுங்கள்" என்றார். ஒருவரும் அசையவில்லை. "இழுக்கச் சொன்னேன்!" ஆட்களில் மூத்தவன் பணிவாகச் சொன்னான்: "தொட்ட கையும் குழி தொறந்த கைன்னு ஏட்டுல இருக்கே சாமி. நீங்க மொதல்ல தொடுங்க, பொறவு நாங்க தொடுறோம்." முகிலடியார் குழியின் விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் போனார். தாங்கள் எழுதிய ஏடு தங்களையே கட்டிப்போட்டது அவர்களுக்கு அதற்கு முன் நேர்ந்ததில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த பதினெட்டு நாளும், அவள் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும் இடைவெளியில்கூட, அவள் காலில் ஒட்டியிருந்த மணலுக்குப் பயந்து ஒருவரும் அவளை நெருங்கவில்லை.

திரை எழுந்த நேரத்தில் சுனையாள் பலகையை விலக்கினாள். மண் செய்யவேண்டியதை மண் செய்திருந்தது. முடி மட்டும் அப்படியே, பின்னலோடு. அவள் இடது கையால் மகளின் தலையைத் தாங்கிக்கொண்டாள், எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும்போது பிடிப்பதுபோல. வலது கையால் சும்மாட்டை மெல்ல எடுத்தாள். தலையைத் திரும்ப மணலில் வைத்தாள். "உறுத்தும். பொறுத்துக்க" என்றாள்.

கரையிலிருந்து கூச்சல் எழுந்தது. மறுகரையில், இருநூறாவது படிக்கு அருகில், தும்பையின் தலையிலிருந்து குடம் நழுவிப் படிப்படியாக உருண்டு போய்க் கழியில் விழுந்தது. தும்பை நின்றாள். ஒரு கையைத் தூக்கித் தலையைத் தொட்டாள். மறு கையையும் தூக்கித் தொட்டாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மூன்று வேளையும் நேரே மட்டும் பார்த்த கழுத்து. பிறகு வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து வைக்காமல், இரண்டு காலாலும் தடதடவென்று இறங்கி வந்து ஓடையாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுனையாள் குழிக்குள் நின்றபடி, மண் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, திரை இறங்கும்வரை அதைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் மறுகரை மேட்டில் மழை பெய்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. குடங்கள் விழவிழக் கொண்டலானே வேறு வழியில்லாமல் தூறினார் என்று கேட்க அழகாக இருக்கும். அன்று கரையில் இருந்தவர்களின் வாயிலிருந்து வந்த எந்தச் சொல்லிலும் அந்த மழை இல்லை. மேடு காய்ந்தே கிடந்தது. பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு குழிகள் திறந்தாள். பழைய குழிகளில் துணி மக்கி, மணலில் கறுத்த வளையம் மட்டும் இருக்கும்; அதை விரலால் கலைத்துவிட்டால் போதுமாக இருந்தது. மறுகரையில் குடங்கள் ஒவ்வொன்றாக உருண்டன. மண்டபத்தின் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தவர்களில் முகிலடியாரின் அப்பா ஒரு நாள் கீழே இறங்கி வந்து, கிடந்த குடத்தில் தண்ணீர் மொண்டு, தூக்கிப் பார்த்து, வயிற்றோடு அணைத்துப் பார்த்து, பாதியைக் கால்மேல் கொட்டிக்கொண்டு, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மேலத்தெருக்காரர்கள் மறுநாள் தங்கள் பந்தலுக்குத் துணி கட்டி மறைத்தார்கள்.

கீழத்தெருவைக் கோயில் விலக்கி வைத்தது. ஒரு வாரத்தில் குன்றின் அடியில் மோட்டார் வந்தது, படியோரமாகக் குழாய் ஏறியது, கொண்டலான் மூன்று வேளையும் முன்னைவிடத் தாராளமாகக் குளித்தார். ஒரு வாரம். அதற்கு முந்தைய இத்தனை தலைமுறையில் அந்த ஒரு வாரம் ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

குழி எங்கே என்று தெரியாதவர்கள் மிச்சம் இருந்தார்கள். கழி மணல் ஆண்டுக்காண்டு நகர்வது. மறுகரையில் அவர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். சுனையாள் ஓர் இரும்புக்கம்பியோடு தினமும் கரையை அடிஅடியாகக் குத்திப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் இன்னும் இருபத்து மூன்று பேரைக் கண்டுபிடித்தாள். வயிற்றுப்பாட்டுக்குச் சங்காளோடு மீன் உலர்த்தினாள். உச்சிக்கு வேலையை நிறுத்தி, நீரோரத்தில் நின்று, எதிரே நீரோரத்தில் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தாள். மகள் ஒரு நாளும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சுனையாள் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது சங்காள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள். "யக்கா, வாயில ஒரு கல்லு உப்பு போடுறேன், சரின்னு சொல்லு. எங்க ஏட்டுல குழி கிழின்னு ஒண்ணும் கெடையாது. உவரன் ஏன்னு கேக்க மாட்டாரு. நேரா வெள்ளவெளிக்கு வந்துரு. நானும் பின்னாலயே வந்துருவேன், மீன் நாத்தம் இல்லாம ஒரு எடத்துல உக்காந்து பேசலாம்."

"அங்க எம்மக இல்லையே" என்றாள் சுனையாள்.

"நீ போற எடத்துலயும் அவ இல்லையேக்கா."

"ஆமா."

சுனையாள் செத்தபோது சங்குத்தண்ணீர் வரவில்லை, மேளம் வரவில்லை. தலைக்குக் கீழே ஒன்றும் வைக்காமல் புதைத்தார்கள். மறுநாள் உச்சியில் மூன்று தெய்வத்தாரும் கரைக்கு வந்தார்கள். குடைக்கு மேல் குடை இடித்தது. ஏடு மெய்யா என்று பார்க்க வந்தவர்கள் அதில் பாதிப் பேர். திரை எழுந்தது. மறுகரை நீரோரத்தில் புதிதாக யாரும் நிற்கவில்லை. காத்திருந்தார்கள். உலை கொதிக்கும் நேரம் ஆனது. வரவில்லை. மேலத்தெருப் பந்தலில் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை எல்லாச் சாராரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள், மேலத்தெரு உட்பட.

அப்போது தும்பை எழுந்தாள். பதினோரு வருஷமாக நீட்டிய காலை மடக்காமல் இருந்தவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, முதன்முதலாக இக்கரையைப் பார்த்தாள். ஆள் ஆளாகத் தேடினாள். பிறகு கழிக்குள் இறங்கினாள். ஓடையாண்டி என்னவோ சொல்லிக் கையைப் பிடிக்கப் பார்த்ததும், அவள் உதறியதும் தெரிந்தது. மேட்டிலிருந்து ஆட்கள் ஓடி வருவதும் தெரிந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தபோது திரை இறங்கிவிட்டது. அது அதன்பிறகு எழவில்லை.

குழி திறந்தவளின் மகளைத் தெய்வம் கழியில் மூழ்கடித்தது என்று கோயிலில் இப்போது பாட்டாகவே பாடுகிறார்கள். திரையை மூடியதும் அதற்காகத்தான் என்கிறார்கள். எதைக் காட்டப் பயந்து மூடினார் என்று கேட்டால் பாட்டை முதலிலிருந்து பாடுகிறார்கள். அன்று பார்த்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. திரை இறங்கியபோது தண்ணீர் அவள் முழங்கால்வரை இருந்தது என்கிறார்கள் தறிக்காரர்கள். இடுப்புவரை என்றாள், எண்பது வயதிலும் மீன் விற்ற சங்காள். கழுத்துவரை, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, என்கிறது கீழத்தெரு. அவள் திரும்பிப் போனாள் என்று சொன்னவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.